மூணாம் கிரேடு

அத்தியாயம் 14

பொய் சொல்லிவிட்டு நிம்மதியாக இட்லி தின்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்புரோஸ் அந்த ரகம் இல்லை. சொன்னது மூன்று பொய். அதுவும் ஒரே வீட்டில், பெண்டாட்டிக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, தட்டில் வைத்த நாலு இட்லியில் ஒன்றரையோடு எழுந்து கை கழுவினார்.

"இன்னாங்க, சட்னி காரமா?" என்று ஹெலன் உள்ளேயிருந்து கேட்டாள்.

"இல்ல. ஃபேக்டரி வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன். எட்டரை பஸ்ஸுக்கு ரெடியா இரு."

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கும் தோல் மூஞ்சிலதான் முழிக்கணுமா?"

"லீவு லெட்டர் குடுக்கணும்."

பாருங்கள், ஏழு மணிக்குள் நாலாவது பொய்.

வாராவாரம் இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர்களுக்கு விஷயம் தெரியும். இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெலன் ஆம்பூரில் நாலாம் வகுப்பு டீச்சர். ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தாள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கட்டி. மண்டையைத் திறந்து, எடுக்க முடிந்த அளவு எடுத்துவிட்டார்கள். இப்போது தையல் ஆறிவிட்டது, முடி அரை அங்குலம் முளைத்துவிட்டது, வாய் பழைய வாயாகவே திரும்பிவிட்டது. வீட்டில் எல்லாரும் தெம்பாகத்தான் இருந்தார்கள், அம்புரோஸைத் தவிர.

ஏனென்றால் அம்புரோஸின் ஃபேக்டரி லாக்கரில் ஒரு காகிதம் இருந்தது.

அவர் அங்கே இருபத்தொன்பது வருஷமாக செலக்டர். பதப்படுத்தி வந்த தோலை மேஜைமேல் விரித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பி, உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு எல்லாம் பார்த்து, பின்பக்கம் சாக்பீஸால் நம்பர் போடுகிற வேலை. ஒண்ணு, ரெண்டு, மூணு, ரிஜெக்ட். ஒரு தோலுக்கு அவருக்கு ஆறு விநாடி போதும். போட்ட நம்பர் போட்டதுதான். முதலாளியே வந்து நின்றாலும் அழிக்க மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

கஷ்டம் என்னவென்றால், அந்தப் பழக்கத்தை மனிதர் ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கொண்டு போனார். ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் எடுத்த கட்டியைச் சோதித்த ஸ்லைடு ரிப்போர்ட் கைக்கு வந்தது. இங்கிலீஷில் ஒரு பக்கத்துக்கு என்னென்னவோ எழுதி, கடைசியில் கிரேடு 3 என்று இருந்தது. அங்கிருந்த சின்ன டாக்டர், "இதை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது சார். மார்க்கர் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம். மூணு நாலு வாரம் ஆகும். அது வந்தப்புறம் பேசலாம்" என்றார். அம்புரோஸ் காதில் அது ஏறவே இல்லை. மூணாம் கிரேடு. அவர் மேஜையில் மூணு வாங்கின தோல் ஷூவின் மேல்பக்கத்துக்கு ஆகாது. ஆறே விநாடியில் மனசுக்குள் நம்பர் போட்டு முடித்துவிட்டார். யாருக்கு? இருபத்தாறு வருஷம் கூடக் குடும்பம் நடத்தினவளுக்கு!

திரும்பி வரும் பஸ்ஸில் போனில் தேடினார். ரெண்டு வருஷம், மூணு வருஷம் என்று வந்தது. போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பள்ளிகொண்டா தாண்டும்வரை அழுதார். ஆம்பூரில் இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய், "சாதாக் கட்டிதான் ஹெலன்" என்றார்.

அதற்கப்புறம் செய்ததுதான் பெரிய கூத்து. மகள் ஜெனிஃபா காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிறாள். ஜோவின் என்ற பையனோடு நிச்சயமாகி, பரீட்சை முடிந்து மே மாதம் கல்யாணம் என்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள். அம்புரோஸ் பையனின் அம்மா ஆரோக்கியமேரியைப் பார்த்தார், பங்குச் சாமியாரைப் பார்த்தார், கல்யாணத்தை இந்த நவம்பருக்கே இழுத்துவிட்டார். ஹெலன் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். வருகிற ஞாயிறு முதல் ஓலை.

பெண்டாட்டியிடம், "மாப்பிள்ளை வீட்ல அவசரப்படறாங்க" என்றார். மகளிடம், "அம்மா ஆசைப்படறா பாப்பா" என்றார். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, ஒருத்திக்குப் படிப்பு, இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் எங்கே விசாரிக்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டார். பெண்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லாக்கரைத் திறந்து காகிதத்தை எடுத்துப் பைக்குள் வைக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"இன்னாண்ணே, இன்னிக்கு லீவுன்னீங்க?"

தௌசீப் அகமது. எதிர் மேஜை செலக்டர். ஊரிலேயே அந்தக் காகிதத்தைப் பார்த்த இன்னொரு ஆள் அவர்தான். ஒரு நாள் மத்தியானம் லாக்கர் முன்னால் அம்புரோஸ் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டார், அதனால் தெரிந்தது.

"மார்க்கர் ரிப்போர்ட் வருது பாய். எல்லா பேப்பரையும் எடுத்தாரச் சொன்னாங்க."

"அண்ணிக்கு சொல்லிட்டீங்களா?"

அம்புரோஸ் பை ஜிப்பை இழுத்தார். அது மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார்.

"சொல்லலியா! அட, இன்னாண்ணே நீங்க! டாக்டர் ரூம்ல போய் உக்காந்தப்புறம் டாக்டர் வாயால கேக்கணுமா அவங்க? எவ்ளோ பேஜாரா போய்டும். வழியிலயே சொல்லிடுங்க. பஸ்ல சொல்லுங்க."

"பஸ்ல சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்னு சொன்னேன் இல்ல பாய், உடு."

பஸ்ஸில் ஜன்னலோரம் ஹெலன் உட்கார்ந்தாள். தலையில் நீலப் பூப்போட்ட ஸ்கார்ஃப். மடியில் ஒரு துணிப்பை, அதில் ஒரு கிலோ மாதுளம்பழம்.

"எதுக்கு இத்தினி பழம்?"

"பாப்பாவுக்கு."

"அவ மாதுளை சாப்ட மாட்டாளே."

"இப்ப சாப்டணும்" என்றாள் ஹெலன், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

அம்புரோஸ் தொண்டையைக் கனைத்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அவளே பேசினாள்.

"ஏங்க, ஜோவின் நல்ல பையன்தானே?"

"தங்கமான பையன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. நல்ல பையனும் தப்பு பண்றது உண்டு. நாம ஜாஸ்தி கோவப்படக் கூடாது. காலம் மாறிப் போச்சு."

இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் சில நேரம் பேச்சு தொடர்பில்லாமல் வரலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐயோ, அதுதானோ என்று பயந்துபோனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் பஸ்ஸில் கை பிடித்தது அதுதான் முதல் தடவை. ஹெலன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள், ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. பஸ் வேலூருக்குள் நுழைந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஜெனிஃபா முன்னாலேயே வந்து மூன்று நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். டோக்கன் நாற்பத்தொன்று. பலகையில் இருபத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தா, பழம்."

"எனக்கா? உனக்குத்தாம்மா ரத்தம் ஊறணும்."

"உனக்குத்தான் இப்ப ரொம்ப வேணும்" என்று ஹெலன் மகளின் கன்னத்தைத் தடவினாள். ஜெனிஃபா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டீ வாங்கக் கிளம்பிவிட்டார்.

டீக்கடையில் கூட்டம். வரிசையில் நின்றுகொண்டு அம்புரோஸ் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். "ஹெலன், பயப்படாதே, ஒரு விஷயம்." வேண்டாம். "ஹெலன், கடவுள் இருக்கார்." அது அதைவிட மோசம், கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிடும். மூன்று டீயைத் தட்டில் ஏந்திக்கொண்டு திரும்பினார்.

திரும்பினால் இரண்டு பேர் முகமும் அடுப்பாகக் கனல்கிறது.

"அப்பா!" ஜெனிஃபா எழுந்தே நின்றுவிட்டாள். "அம்மா என்னை இன்னா கேட்டாங்க தெரியுமா?"

"மெதுவா பேசு பாப்பா."

"எத்தனை மாசம்னு கேக்கறாங்கப்பா! எனக்கு! எத்தனை மாசம்னு!"

முன்வரிசையில் நாலு தலை திரும்பியது. பக்கத்து நாற்காலி அம்மாள் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"வேற இன்னா நெனைக்கச் சொல்ற?" என்றாள் ஹெலன். "மே மாசம் வெச்ச கல்யாணம். திடீர்னு உங்கப்பா வந்து நவம்பர்ங்கறார். பரீட்சைகூட முடியல. கேட்டா மாப்பிள்ளை வீட்ல அவசரம்ங்கறார். எந்த மாப்பிள்ளை வீட்ல இப்படி அவசரம் வரும்? எதுக்கு வரும்? நான் டீச்சர், முட்டாள் இல்ல."

"மாப்பிள்ளை வீட்ல அவசரமா? நீ ஆசைப்பட்டேன்னு தானே நான் ஒத்துக்கிட்டேன்! அப்பாதான் சொன்னாரு!"

"நானா? நான் எப்ப ஆசைப்பட்டேன்?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அம்புரோஸ் பக்கம் திரும்பினார்கள். அவர் உட்கார்ந்தார். தட்டைத் தரையில் வைத்தார். பலகையில் முப்பத்தாறு.

இனி ஒத்திகை பார்த்த எந்த வசனமும் உதவாது. பையைத் திறந்து காகிதத்தை எடுத்து ஹெலன் கையில் கொடுத்தார்.

ஹெலன் இங்கிலீஷ் படிக்கிறவள். பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே, வரிக்கு அடியில் விரலை வைத்துப் படித்தாள். விரல் கடைசி வரியில் நின்றது. பிறகு மேலே போய்த் தேதியைத் தேடியது.

"இது எப்ப வந்துச்சு?"

"ஆச்சு... இருபத்தாறு நாள்."

"சாதாக் கட்டின்னீங்க."

"ஹெலன், உன்னால தாங்க முடியாதுன்னு..."

"உங்களால தாங்க முடியல. என் தலைல ஏன் வெக்கறீங்க?" குரல் ஏறவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "யாருக்குத் தெரியும்?"

"தௌசீப் பாய்க்கு."

"என் தலை. என் கட்டி. எனக்கு முன்னாடி தௌசீப் பாய்க்குத் தெரியும்."

ஜெனிஃபா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஹெலன் ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டாள். இன்னொரு கையால், பழக்கம் விடுமா, கீழே இருந்த டீயை எடுத்து அம்புரோஸிடம் நீட்டினாள்.

"குடிங்க. காலைல சரியாவே சாப்டல. இதான் சங்கதியா? நான் சட்னின்னு நெனச்சேன்."

அம்புரோஸ் டீயை வாங்கிக்கொண்டு அழுதார். கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நாற்பத்தொன்று வந்தது.

டாக்டர் பாரதிக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். "பழைய ரிப்போர்ட்?" என்று கையை நீட்டியதும் அம்புரோஸ் எழுந்தார். ஹெலன் அவரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டுத் தானே கொடுத்தாள்.

"மார்க்கர் ரிப்போர்ட் வந்துடுச்சு" என்று டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். ஜெனிஃபா குனிந்து வாய்க்குள்ளேயே படித்தாள். மியூட்டன்ட். லாஸ். டிலீட்டட். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் முகம் வெளுத்தது. அம்புரோஸுக்கு அவள் முகமே போதும். மூணாம் கிரேடாக இருந்தது இப்போது ரிஜெக்டுக்குப் போய்விட்டது என்று முடிவு கட்டினார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல ரிப்போர்ட்" என்றார் டாக்டர்.

மூன்று பேரும் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நெஜமாத்தான் சொல்றேன். கேளுங்க. முதல் ரிப்போர்ட்ல கிரேடு போட்டது கட்டி மைக்ராஸ்கோப்ல எப்படித் தெரியுதுங்கறத வெச்சு. இது அப்படி இல்ல, அந்த செல்லுக்குள்ள இருக்கற மரபணுவைப் பாக்கறது. உங்க கட்டியில ஒரு மரபணு மாறியிருக்கு. அது மாறாத கட்டியை விட, மாறின கட்டி மெதுவா போகும். இன்னொண்ணு, ரெண்டு குரோமோசோம்ல ஒவ்வொரு துண்டு காணோம். ரெண்டும் சேர்ந்து காணாம போயிருந்தா, அந்தக் கட்டி ரேடியேஷன் கரண்டுக்கும் மருந்துக்கும் நல்லா அடங்கும். மூளைக் கட்டிகள்ல இந்த வகைக்கு நாங்க ரொம்ப நம்பிக்கையா வைத்தியம் பண்றோம்."

"ஆனா கிரேடு மூணு போட்டிருக்கே டாக்டர்" என்றார் அம்புரோஸ். நல்ல செய்தியைக் கேட்டுவிட்டு அதோடு சண்டைக்குப் போகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இவர் போனார். "போட்ட நம்பர் போட்டதுதானே. நான் தோல் செலக்டர். எனக்குத் தெரியும்."

"நம்பர் மாறல சார். மூணுதான். அதனாலதான் சும்மா விடாம வைத்தியம் பண்ணப் போறோம். ஆனா ஒரே கிரேடு வாங்கின ரெண்டு பேருக்கு, மார்க்கர் வேற வேறன்னா, போற பாதையே வேற. கிரேடை மட்டும் வெச்சு நாங்க முடிவு பண்றதில்ல."

அம்புரோஸ் மெதுவாகச் சொன்னார்.

"எங்க ஃபேக்டரிலயும் லேப் ஒண்ணு இருக்கு டாக்டர். நான் மேலாப்புல பாத்து மூணு போடுவேன். லேப்ல அதே தோலைக் கொக்கில மாட்டி இழுத்துப் பாப்பாங்க, எத்தினி கிலோ தாங்குதுன்னு. சில மூணு, ஒண்ணை விட ஜாஸ்தி தாங்கும். தழும்பு இருக்கும், கிழியாது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும்..."

முடிக்க முடியவில்லை. இருபத்தொன்பது வருஷமாகப் பார்த்த விஷயம், வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"போதும்" என்றாள் ஹெலன். "டாக்டர் முன்னாடி என்னைக் கொக்கில மாட்டாதீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். ஜெனிஃபாவும் அழுகையோடு சிரித்தாள். ஆனால் ஹெலன் சிரிக்கவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு எத்தனை வருஷம் டாக்டர்?"

"ஹெலன்!"

"நீங்க சும்மா இருங்க."

டாக்டர் பாரதி கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டார். "உங்க ஒருத்தருக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய். இதே கட்டி, இதே மார்க்கர் இருக்கறவங்கள்ல, வைத்தியம் எடுத்துக்கிட்டு பத்து வருஷம் தாண்டினவங்க நிறைய பேர் இருக்காங்க. அதுக்கு மேலயும் இருக்காங்க. சீக்கிரமா திரும்பி வந்தவங்களும் இருக்காங்க. முழுசா போயிடும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

"சரி" என்றாள் ஹெலன். "இப்படி சொன்னா புரியுது. தேங்க்ஸ் டாக்டர்."

பத்து வருஷம்! அம்புரோஸ் மனசு குதித்தது. அடக்கிப் பார்த்தார், அடங்கவில்லை. பேரனோ பேத்தியோ நாலாம் வகுப்புக்கே வந்துவிடுமே என்று அங்கே போய் நின்றது.

டாக்டர் அடுத்ததைச் சொன்னார். ஆறு வாரம் கரண்டு வைக்க வேண்டும். தலை அசையாமல் இருக்க முகத்தின் அளவுக்கு ஒரு வலைக்கூடு செய்வார்கள். அது முடிந்து மாசக்கணக்கில் மருந்து. பேசிக்கொண்டே இரண்டு பக்கச் சம்மதத் தாளையும் பேனாவையும் அம்புரோஸ் பக்கம் தள்ளினார். இதுவரை எல்லாக் கையெழுத்தும் அவர்தான் போட்டார், அந்தப் பழக்கம்.

அம்புரோஸ் பேனாவை எடுத்தார். மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, மூடியைத் திரும்பப் போட்டு, தாளோடு ஹெலன் பக்கம் நகர்த்தினார்.

ஹெலன் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் பாதியில் விரல் நின்றது.

"ஞாபக சக்தின்னு ஒண்ணு போட்டிருக்கே டாக்டர்."

"வருஷங்கள் போகப் போக ஞாபகம் கொஞ்சம் மந்தமாகலாம். எல்லாருக்கும் இல்ல. ஆனா வாய்ப்பு இருக்கு, அதனாலதான் எழுதியிருக்கோம்."

"என் கிளாஸ்ல நாப்பத்திரண்டு பசங்க. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் நான் மொதல்ல பண்ணது, வரிசையா பேர் சொல்லிப் பாத்தது. நாப்பத்திரண்டும் வந்துச்சு. அப்புறம்தான் தண்ணி கேட்டேன்." தாளை மடித்தாள். "இன்னிக்கே போடணுமா?"

"அவசியமில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா, அடுத்த வாரம் கூடு செய்யலாம். அதனால கெடுதி எதுவும் வராது. அதுக்கு மேல தள்ள வேணாம்."

"வெள்ளிக்கிழமை சொல்றேன்."

வெளியே வந்ததும் ஹெலன் மகளிடம் திரும்பினாள். "கல்யாணம் மே மாசம்தான். நீ ஒழுங்கா பரீட்சை எழுது. சாமியார்கிட்ட நான் பேசறேன்."

"பத்திரிகை அச்சுக்குக் குடுத்துட்டாங்களாம்மா. ஜோவின் நேத்துதான் சொன்னான்."

"நிறுத்தச் சொல்லு. போ, இப்பவே பேசு." ஜெனிஃபா போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். இரண்டடி போனதும் ஹெலன் கூப்பிட்டாள். "பாப்பா, நான் கேட்டதை அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதே."

"கண்டிப்பா சொல்வேன்" என்றாள் ஜெனிஃபா.

நடைபாதையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் நின்றார்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்று போனது, ஒதுங்கி வழி விட்டார்கள். அம்புரோஸால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"கையெழுத்து போட்டுடேன் ஹெலன். உள்ள போய் குடுத்துட்டு வந்துடலாம். டாக்டர் இருக்கறாங்க. பசங்க பேரு மறந்தா நான் எழுதிக் குடுக்கறேன். நாப்பத்திரண்டு என்னா, நாநூறு எழுதறேன். எனக்கு நீ இருந்தா போதும். என்னை மறந்துட்டாகூடப் பரவால்ல, நீ இருக்கணும்."

ஹெலன் அவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கை நீட்டி அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அவருக்கு நம்பிக்கை வந்தது, இதோ சரி என்று சொல்லப் போகிறாள் என்று.

"உங்க மேல கோவம் இல்லங்க. எனக்காகத்தான் பண்ணீங்க, தெரியும்" என்றாள். "ஆனா இருபத்தாறு நாள் இத நீங்க ஒருத்தராவே வெச்சிருந்தீங்க. எனக்கு மூணு நாள் குடுங்க."

தாளைத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள். மருந்துச் சீட்டு, ஸ்கேன் கவர், எல்லாம் இத்தனை நாள் அவர் கையில்தான் இருக்கும். வாங்கிக்கொள்ள அவர் கை தானாக நீண்டது. ஹெலன் கொடுக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளை நோக்கி நடந்தாள்.

அம்புரோஸ் அங்கேயே நின்றார். அவள் சாகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு இருபத்தாறு நாளும் எல்லாவற்றையும் தானே முடிவு செய்த மனிதர். அவள் பிழைக்க வழி இருக்கிறது என்று தெரிந்த இன்றைக்குத்தான், வெள்ளிக்கிழமை அவள் என்ன சொல்வாளோ என்று அவர் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.